குதிரைக்குச் சொல்ல வேண்டியது

மூன்றாம் குழியில் சாத்தையா செத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது. அதில் அவர் வேலைக்கு வராமல் இருந்தது ஒரே ஒரு வருஷம்தான்.

அந்த ஒரு வருஷத்தையும் கம்பெனி மனசு வந்து கொடுக்கவில்லை. பூசாரியம்மா மாம்போ செலஸ்தீன் சுரங்க வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "செத்தவன் ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்ணிக்குக் கீழ கிடக்கணும். அதுக்கு முன்னால கூப்பிட்டா வரமாட்டான். வந்தாலும் அவனா இருக்கமாட்டான்" என்று அடம்பிடித்து வாங்கிக் கொடுத்த விடுப்பு அது. கலிஸ்டோவில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் பனிக்கட்டி. அதற்கும் நூறு கல் கீழே ஒரு கடல் இருட்டில் கிடக்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். யாரும் போய்ப் பார்த்ததில்லை. சாத்தையா பார்த்திருக்கலாம், அதைப் பற்றி அவர் பேச்செடுத்ததில்லை.

வியாழனைச் சுற்றுகிற அந்த நிலாவில் பனி வெட்ட ஆள் வேண்டுமென்று கம்பெனி கூப்பிட்டபோது இரண்டு ஊர்க்காரர்கள்தான் மறுபேச்சில்லாமல் கப்பல் ஏறினார்கள். ஒரு கூட்டம் ஹைத்தி நாட்டு ஜக்மெல்காரர்கள். இன்னொரு கூட்டம் ராமநாதபுரத்துச் சீமையில் பரமக்குடிப் பக்கத்து ஆட்கள். இரண்டு கூட்டத்துக்கும் வெயில் பழக்கம், பட்டினி பழக்கம். குளிர் மட்டும்தான் பழகாதது. அதைக் கம்பெனி பழக்கிவிட்டது. முப்பது வருஷத்தில் ஜக்மெல்காரர்கள் பரமக்குடித் தமிழ் பேசினார்கள். பரமக்குடிக்காரர்கள் ஜக்மெல் மொழியில் வைவதற்குக் கற்றுக்கொண்டார்கள். குழிக்குள் வாழ அது போதுமானதாக இருந்தது.

கோதண்டம் என்ற புது மேற்பார்வையாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள், கையில் ஒரு கடிகாரத்தோடு உடை மாற்றும் அறைக்கு வந்து நின்றார். அன்றைக்குச் சாத்தையா வேலைக்கு வருகிற நாள்.

"பனி கேக்குற வேலை ஒரு மணி நேரம். இங்க நாலு மணி நேரம் ஆகுது. மீதி மூணு மணி நேரம் எங்க போகுது?"

"எங்கயும் போகல சார். இங்கனதான் இருக்கு" என்றாள் ராக்காயி.

ராக்காயி சாத்தையாவின் பெண்டாட்டி. ஐம்பத்து மூன்று வயது. காற்று வடிகட்டிகளைக் கழுவுவது அவளுக்குத் தினப்படி வேலை. புருஷன் வருகிற நாளில் மட்டும் வேறு வேலை. அதற்குச் 'சொல்லி' என்று பெயர்.

கோதண்டம் மாம்போவைப் பார்த்தார். எழுபது வயது, கறுத்த நெடிய உடம்பு, தலையில் வெள்ளைத் துணி, கையில் ஒரு தடி.

"இவங்க யாரு?"

"பூசாரியம்மா. உங்க காயிதத்துல இடைமுக அலுவலர்னு போட்டிருக்காக."

பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒருவன் கையைத் தூக்கினான். "குதிரை நான்தான் சார். வில்னேர். புல்லெல்லாம் வேணாம், பிஸ்கட் போதும்."

வில்னேருக்கு முப்பத்து நாலு வயது. சாத்தையா உயிரோடு இருந்தபோது ஒன்பது வருஷம் அவரோடு ஒரே துளைப்பான் பிடித்தவன். சாத்தையா சாதாரண ஆள் இல்லை. பரமக்குடிப் பக்கம் கிணறு வெட்டிய கை. பனிச்சுவரில் உள்ளங்கையை வைத்தாரென்றால் எங்கே வெடிப்பு ஓடுகிறது, எங்கே காற்றுப்பை ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதற்குத்தான் பனி கேட்பது என்று பெயர். கருவிகள் பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்லும். சாத்தையா பத்துக்குப் பத்து. இருபது வருஷம் தலைமேல் பனி விழாமல் தப்பித்த மனுஷன் குடல்வால் வெடித்துச் செத்தார். அன்றைக்கு டாக்டர் வேறு குழிக்குப் போயிருந்தார்.

"எனக்கு விஷயம் தெரியும்" என்றார் கோதண்டம். "எல்லார் காதுக்குப் பின்னாடியும் பயறுன்னு ஒரு சின்னக் கருவி வெச்சிருக்கோம். அது கையோட திறமையைப் பதிவு பண்ணும். அந்தப் பதிவை இன்னொருத்தர் பயறுல ஏத்தினா திறமை வந்துடும். இதுல பூசை எதுக்கு?"

மாம்போ தடியை ஊன்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். "திறமை வரும்னுதான்யா உங்க ஆளுக ஏத்துனாக. வந்தது ஆளு. சாத்தையாவுக்கு முந்தி, வேற செத்தவுகள ஏத்துன முதல் மாசத்துலயே மூணு குதிரை செத்துச்சு. ஒருத்தன் ஊருக்குப் போறேன்னுட்டு வெளிக்கதவத் தொறந்துக்கிட்டு நடந்து போனான். உடுப்பு போடல. எங்க ஊர்ல இதுக்கு முறை இருக்கு. எங்க சாமிக, லோவாங்க, கூப்பிட்டா வருவாக, மனுசன் மேல குதிரை ஏறுறாப்புல ஏறுவாக, சொல்ல வேண்டியதச் சொல்லுவாக, இறங்கிப் போவாக."

"அப்ப சாத்தையா லோவாவா?"

"அடப் போய்யா. லோவாங்க எம்புட்டுப் பழையவுக, எம்புட்டுப் பெரியவுக. இவரு கிணறு வெட்டி. ஆனா ஏறுறது ஏறுறதுதான். ஏத்தவும் இறக்கவும் முறை ஒண்ணுதான். முதல்ல வாசல்காரர் லெக்பாவக் கேக்கணும்."

கோதண்டம் கைப்பலகையைத் திறந்தார். "லெக்பா. பணியாளர் எண் சொல்லுங்க."

வில்னேருக்குப் பிஸ்கட் புரையேறியது.

பணியாளர் எண் கிடையாது. கணினியில் அவருக்கென்று கோப்பும் கிடையாது. மூன்றாம் குழியின் பொறியாளர்கள் இரண்டு வருஷம் தேடிப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் அவரைக் கேட்காமல் பதிவை ஏற்றினால் ஒழுங்காக ஏறாது; கேட்டுவிட்டு ஏற்றினால் ஏறும். ஆகவே விதிப் புத்தகத்தில் அவரை முதல் விதியாகச் சேர்த்துவிட்டார்கள். அவருக்குப் புகையிலை வைக்க வேண்டும். பற்றவைக்கக் கூடாது, காற்றுக்கு ஆபத்து. லெக்பாவும் அதைப் புரிந்துகொண்டு ஆறு வருஷமாக முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்.

மாம்போ வாசற்படியில் புகையிலைத் துண்டை வைத்து, தடியால் மூன்று முறை தட்டினாள். ஏதோ முணுமுணுத்தாள். வில்னேரின் தலை தொங்கியது. நிமிர்ந்தபோது உதடு ஒரு பக்கமாகக் கோணி, இடது கண் சுருங்கியிருந்தது. ராக்காயியைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு, கோதண்டத்திடம் திரும்பி, "யாரு இந்தத் தம்பி? நிக்கிற நெலயப் பாத்தா கெணத்துல வாளி உட்டவன் மாதிரி இருக்கு" என்றார் சாத்தையா.

கோதண்டம் கடிகாரத்தை அழுத்த மறந்துபோனார்.

பனி கேட்பது ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. நாலாம் சுரங்கப் பாதையில் இடது சுவர் ஆகாது, வலது பக்கம் போங்கள் என்று சாத்தையா சொன்னார். பிறகு மாம்போ திரும்பும் வாசலைத் திறக்கப் போனாள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் குதிரைக்குப் பக்கத்தில் சொல்லி மட்டும்தான் இருக்கலாம், அதுவும் விதி.

அப்புறம் வில்னேர் கண் விழித்தான். அதிலிருந்துதான் கோதண்டத்தின் மூன்று மணி நேரம் ஆரம்பித்தது. ராக்காயி எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "உன் காலால நாலாம் பாதைக்கு நடந்தாக."

"ஆமா, அது என் உடம்பு" என்றான் வில்னேர்.

"உன் உள்ளங்கைய இடது செவுத்துல வச்சாக."

"ஆமா, அது என் உடம்பு."

"உன் வாயால இந்த சாரை, கெணத்துல வாளி உட்டவன்னாக."

"ஐயையோ. ஆமா, அது என் உடம்பு. மன்னிச்சுக்கங்க சார்."

ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே வந்தன. கடைசியில் வில்னேர் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தான். அந்த நிலாவில் தண்ணீர்கூட அவசரப்படாமல்தான் தொண்டைக்குள் இறங்கும்.

"இது எதுக்கு?" என்றார் கோதண்டம்.

"அவன் தூங்குனப்ப நடந்தது யாருது?" என்றாள் மாம்போ. "உடம்பு அவனுது, நேரம் ஏறுனவரோடது. முழிச்சதும் சொல்லிரணும். அவன் 'என்னுது'ன்னு வாங்கிக்கிறணும். வாங்காம விட்ட நேரம் ஆளில்லாத வீடு. ஏறுனவரு போயி உக்காந்துக்குவாரு. அப்புறம் கெளப்ப முடியாது."

"உரிமை கோரப்படாத நினைவு" என்று கோதண்டம் எழுதிக்கொண்டார். "சுருக்கிச் சொல்லக் கூடாதா?"

"உங்க கல்யாணத்தச் சுருக்கிச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் மாம்போ.

ராக்காயி குவளையைக் கழுவப் போனாள். அன்றைக்கும் அவள் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

முதல் தடவை அது தானாக நடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், சாத்தையா முதன்முதலாக ஏறிய நாளில், மாம்போ வாசலுக்குப் போனதும் வில்னேரின் கண்ணால் அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி ராக்கு, இப்பிடி மெலிஞ்சுபோயிட்ட?" என்றார். அவ்வளவுதான். வில்னேர் விழித்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இது மட்டும் வாயில் வரவில்லை. எதிரே தம்பி வயசுப் பையன். பக்கத்தில் அவன் பெண்டாட்டி மிர்லாண்ட் தண்ணீரோடு நிற்கிறாள். 'உன் வாயால என்னைய டீன்னாக' என்று எப்படிச் சொல்வது?

ஏறுபவரை நன்றாகத் தெரிந்த ஆள்தான் சொல்லியாக இருக்க வேண்டும் என்று மாம்போதான் அவளைப் பிடித்துப் போட்டாள். ஜக்மெல்காரியான மாம்போவுக்கு இதில் ஒரு சிக்கல் இருப்பதாகத் தோன்றவே இல்லை. அவள் ஊரில் லோவா ஏறிவந்து, கூடியிருக்கும் கூட்டத்துக்கு நடுவில், யார் புருஷன் யாரோடு போனான் என்பது வரை போட்டு உடைக்கும். மறுநாள் குதிரைக்கு அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பரமக்குடிப் பக்கத்துப் பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் புருஷனுக்குச் சோறு போடும்போதே நிமிர்ந்து பார்க்கமாட்டாள் என்பது மாம்போவின் சாத்திரத்தில் இல்லை.

அடுத்த வாரம் ராக்காயி ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாள். அதற்கடுத்த வாரங்களில் அவர் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தார். அதற்குமேல் ஒன்றுமில்லை, அந்த உடம்பு இன்னொருத்தி புருஷனுடையது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வாரத்துக்குப் பத்து நிமிஷம். ஆறு வருஷம். பெருக்கிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கோதண்டம் உடை மாற்றும் அறைக்கு வந்துபோன மூன்றாம் நாள் மிர்லாண்ட் கீரைக் கூடத்து வேலையை முடித்துவிட்டு, கையில் மண்ணோடு, வடிகட்டி கழுவும் இடத்துக்கு வந்தாள்.

"ராக்கக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் புளி ஆகாது. வாய் வெந்துபோகும். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நேத்து எங்கிட்டக் கருவாட்டுக் குழம்பு கேட்டாரு. புளி தூக்கலா இருக்கணுமாம்."

ராக்காயி வடிகட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூக்கத்துல பேசுறாரு. எனக்கும் தமிழு தெரியும். ஆனா அந்தத் தமிழு எங்க தமிழு இல்ல, உங்க ஊருக் கெழவன் தமிழு. அதக்கூட விடுங்க. எங்க மக நதேஜ் ஓடிப்போயி அவரு மடியில ஏறுனா. 'யாரு புள்ள இது'ன்னு கேட்டாரு. அப்பா வெளாடுறாருன்னு அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் குளிக்கிற அறைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டேன்."

"வேல அசதியா இருக்கும் மிர்லாண்ட்."

"நாலு வயசுப் புள்ளய மறக்குற அசதியா? அக்கா, எதையாச்சும் சொல்லாம விட்டீகளா?"

"ஒண்ணும் விடல."

மிர்லாண்ட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இவரு ஒருத்தருதான்க்கா. உங்க வீட்டுக்காரரு ஒரு தடவ செத்துட்டாரு, எல்லாரும் அழுதோம், சோறு போட்டோம். என் வீட்டுக்காரரு செத்தா எனக்கே தெரியாது. அதே சட்டையப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவாரு."

அவள் போன பிறகு ராக்காயி அதே வடிகட்டியை மூன்றாம் முறையாகக் கழுவினாள்.

அடுத்த முறை சாத்தையா ஏறியபோது அவள் டப்பா கொண்டுபோகவில்லை. மாம்போ வாசலுக்குப் போனதும் நேராகக் கேட்டாள்.

"இங்கேருந்து போயி எங்க இருக்கீக?"

சாத்தையா வில்னேரின் தாடையைச் சொறிந்தார். "முன்னெல்லாம் எங்கயும் இருக்கமாட்டேன். வெளக்க அணைச்சாப்புல. இப்ப இருக்கேன்."

"எங்க?"

"இங்கனயேதான். இந்தப் பய தூங்குறப்ப உள்ள முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். அந்தச் சின்னப் புள்ள என்மேல காலப் போட்டுத் தூங்குது. நமக்குப் புள்ள இருந்தா இப்பிடித்தான் இருந்திருக்கும்ல ராக்கு?"

 "கோப்புக்குள்ளதான போவீக? அந்த மிசினுக்குள்ள?"

"அங்க ஒண்ணும் இல்ல. வெறும் ஓடு. கொஞ்சங்கொஞ்சமா முழுசா இங்க வந்துட்டேன். நீ சொல்லாம விட்டதெல்லாம் எனக்கு எடம். இப்ப ஒரு பாய் விரிக்கிற அளவு இருக்கு. இன்னும் ரெண்டு பாய் எடம் கெடச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன்."

"வில்னேரு?"

அவர் வில்னேரின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல பய. அவனுக்கு ஒண்ணும் வலிக்காது."

"நீங்க போனப்ப வலிச்சுச்சா?"

"ரொம்ப வலிச்சுச்சு."

 வெளியே மாம்போவின் தடிச் சத்தம் கேட்டது.

"நான் நல்லவனாத்தான் இருந்தேன் ராக்கு. உனக்குத் தெரியும். செத்ததுக்கப்புறமும் நல்லவனா இருக்கிறது எப்பிடின்னு யாரும் சொல்லித் தரல." அவர் அவள் கையைப் பிடித்தார். வில்னேரின் கை, பெரிய, சூடான, இளவயசுக் கை. "என்னயப் பத்தி மட்டும் பாக்காத. நான் இல்லாட்டி இந்தக் குழியில முந்நூறு பேருக்கும் பனி கேக்க ஆளில்ல. அந்த வாளி உட்டவன் இடது செவுத்தத் தோண்டிருவான். நீ எல்லாத்தையும் சொல்லிட்டியன்னா நான் போறதுக்கு எடம் கெடையாது. இந்தத் தடவ செத்தா முழுச்சாவு." குரல் இறங்கியது. "இப்பப் பேசுனத மட்டுமாச்சும் அவங்கிட்டச் சொல்லிறாத. எனக்கு நிக்க ஒரு எடம் வை."

தடி மூன்று முறை தட்டியது. கை தளர்ந்தது.

வில்னேர் விழித்தான். மாம்போ உள்ளே வந்தாள். மிர்லாண்ட் தண்ணீரோடு வந்தாள். மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ராக்காயி வழக்கமானதைச் சொல்லி முடித்தாள். வில்னேர் குவளைக்குக் கை நீட்டினான்.

"இருடா தம்பி. இன்னும் இருக்கு."

"என்னக்கா?"

"உக்காரு. மாம்போ, கதவச் சாத்துங்க. மிர்லாண்ட், நீ இங்கனயே நில்லு. என்னய அப்புறம் வஞ்சுக்க." ராக்காயி தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வில்னேரின் முகத்தையே பார்த்தாள். "ஆறு வருஷத்துக்கு முன்னால, முத நாளு, உன் வாயால என்னய, ஏண்டி ராக்கு இப்பிடி மெலிஞ்சுபோயிட்டன்னாக."

வில்னேர் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, இதெல்லாம் என் பொண்டாட்டிய வச்சுக்கிட்டா?"

"ஆமான்னு சொல்லு" என்றாள் மிர்லாண்ட்.

"ஆமா. அது என் உடம்பு."

"மறுவாரம் உன் வாயால குழம்பு தின்னாக. மூணு துண்டு."

"அதான் ரெண்டு நாளு நாக்கு எரிஞ்சுச்சா? ஆமா, அது என் உடம்பு."

"உன் தலைய என் மடியில வச்சாக."

மாம்போ கண்ணை மூடிக்கொண்டாள். "அடிப் பாவி. என் தப்பும்தான். சொல்லு, நிறுத்தாத."

அவள் நிறுத்தவில்லை. ஒரு வாரத்தையும் தாண்டவில்லை. எந்த வாரம் அவர் அழுதார், எந்த வாரம் முதுகு சொறியச் சொன்னார், எந்த வாரம் செத்துப்போன காளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேலை மாறும் சங்கு ஊதியது. கோதண்டம் வந்து கதவைத் தட்டினார், திட்டினார், போனார். சங்கு மறுபடியும் ஊதியது. நதேஜ் பெஞ்சுக்கடியில் தூங்கிப்போனாள். மூன்றாவது வருஷத்துக்கு வந்தபோது வில்னேரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"போதும் ராக்கு" என்றது அந்த வாய்.

 மிர்லாண்ட் புருஷனின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

"உன் வாயால இப்ப, போதும் ராக்குன்னாக" என்றாள் ராக்காயி.

வெகுநேரம் கழித்து, "ஆமா. அது என் உடம்பு" என்று வந்தது. வில்னேரின் குரல்.

நாலாம் வருஷத்தில் இடது கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐந்தாம் வருஷத்தில் அது தானாக விட்டது. அவள் குரல் கட்டிப்போயிற்று. ஆனாலும் கடைசி வரை வந்துவிட்டாள். முழுச்சாவு என்றதைச் சொன்னாள். முந்நூறு பேர் என்றதைச் சொன்னாள். அவன் மகள் கால் போட்டுத் தூங்குவதைச் சொன்னாள்.

"கடைசியா, உன் கையால என் கையப் புடிச்சு, இத மட்டும் அவங்கிட்டச் சொல்லிறாத, எனக்கு நிக்க ஒரு எடம் வைன்னாக."

வில்னேர் அழுதுகொண்டிருந்தான். யாருக்காக என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

"ஆமாக்கா. அது என் உடம்பு."

தண்ணீரைக் குடித்தான். குனிந்து பெஞ்சுக்கடியில் பார்த்தான். "நதேஜ் ஏன் தரையில கெடக்குறா? குளுருமில்ல?" என்றான். மிர்லாண்ட் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

நாலு நாள் கழித்துக் கோதண்டம் வடிகட்டி கழுவும் இடத்துக்கு வந்தார். ராக்காயி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். என்ன தண்டனையென்றாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"உக்காருங்கம்மா. நேத்து ஏத்திப் பாத்தோம், ஒண்ணும் ஏறல. பதிவு காலியா கிடக்கு. பரவால்ல."

"பரவால்லையா?"

"அது வெறும் வேலைப் பிரதிதானே. மூலப்பதிவு தலைமை அலுவலகத்துல இருக்கு, அவர் இறந்த அன்னைக்கே எடுத்தது. இந்தக் குழிக்கு வேற ஒண்ணு அனுப்பச் சொல்லியிருக்கேன்." கோதண்டம் ஒரு கவிழ்ந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். "நான் வந்தது வேற விஷயமா. உங்களை இடம் மாத்தியிருக்காங்க. ஏழாம் குழி, ஒன்பதாம் குழி, பன்னெண்டு, பதினாலு. நாலுலயும் மாறி மாறி இருக்கணும்."

"அங்க என்ன வடிகட்டி இல்லையா?"

"சாத்தையா இருக்கார்."

ராக்காயி உட்கார்ந்தாள்.

"நாலு குழிக்கும் அஞ்சு வருஷம் முன்னாடியே பிரதி அனுப்பிட்டோம். நல்லாத்தான் வேலை பார்த்தாங்க. போன மாசத்துலேருந்து நாலு பேரும் அடம். ராக்காயியைக் கூட்டிட்டு வந்தாத்தான் சுவத்துல கை வைப்போம்னு சொல்றாங்க. செத்ததுலேருந்து பெண்டாட்டி முகத்தையே பாக்கலையாம். அதான் முதல்ல இந்த முறையைப் பாக்க என்னை இங்க அனுப்பினாங்க."

 "அங்க யாரு சொல்லி?"

"அங்க அதெல்லாம் கிடையாதும்மா. அங்க ஹைத்திக்காரங்களும் இல்ல, பூசையும் இல்ல. வாசல்காரரைக் கேக்காம ஒரு சுத்துவழி கண்டுபிடிச்சிட்டோம். நேரம் மிச்சம்."

"எம்புட்டு நேரத்துல இறக்குவீக?"

"இறக்குறதா?" கோதண்டம் யோசித்தார். "தினம் ஏத்தி இறக்குறது வீண் அலைச்சல்னு முதல் வருஷமே விட்டாச்சு. ஏறினவர் ஏறினபடிதான் இருக்கார்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராக்காயி எழுந்துபோய் அதை மூடினாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. நாலு ஆள். ஆளுக்கு அஞ்சு வருஷம். ஒரு வருஷத்தைக்கூட விடாமல் சொன்னால் எத்தனை நாள் ஆகும். தொண்டை தாங்குமா. தாங்கும், ஏன் தாங்காது.

"குதிரைக பேரு சொல்லுங்க. பேரத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்ல முடியும்."

கோதண்டம் கைப்பலகையைத் திறந்தார். "ஏழாம் குழி, சாத்தையா."

"அது ஏறுனவுக பேரு. குதிரை பேரு?"

"ஒன்பது, சாத்தையா. பன்னெண்டு..." விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "நாலுலயும் சாத்தையான்னுதான் இருக்கு. பழைய பேர் இருந்த இடத்தை எடுத்துட்டாங்க போல. யாரும் அந்தப் பேர்ல கூப்பிட்டா திரும்பிப் பாக்குறதில்லையாம். சொந்தக்காரங்களும் வந்து பாத்துட்டு, இது எங்க ஆள் இல்லைன்னு போயிட்டாங்க."

ராக்காயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்றாள்.